பாட நாவலில் முரண் தீராமல் நின்றுவிட்டால், அதன் செய்தியை எங்கே தேடுவது?

தறிச்சத்தம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் முடித்துவிட்டுத் தற்போது பி.எட். பயின்று வருகிறேன். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் சில ஆண்டுகள் முழு நாவல் ஒன்றும் பாடமாக இருந்தது இங்குள்ள பலருக்கு நினைவிருக்கலாம். ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' (1861), எச்.ஜி. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' (1897) ஆகிய இரண்டில் ஒன்றைப் பள்ளி தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எங்கள் பள்ளி மார்னரை எடுத்தது. இப்போது கற்பித்தல் பயிற்சிக்காக இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது, பள்ளியில் நாங்கள் நாவலைக் கற்ற முறையைப் பற்றியே ஓர் ஐயம் எழுந்தது. அதைத்தான் இங்கே முன்வைக்கிறேன்.

கைடில் ஒவ்வொரு நாவலுக்கும் இரண்டு தலைப்புகள் தவறாமல் இருக்கும். 'முரண்' என்ற தலைப்பின்கீழ் மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் அவன் மனத்துக்கும் என நால்வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைப் பொருத்தியிருப்பார்கள். 'செய்தி' என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும். மார்னருக்குப் 'பொன்னைவிட அன்பே பெரிது' என்றும், வெல்ஸின் நாவலுக்கு 'அறிவியலைத் தீய வழியில் பயன்படுத்தினால் அழிவே மிஞ்சும்' என்றும் இருக்கும். இவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், எங்களுக்கும் கிடைத்தது. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒரு முழு நாவல் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை.

மார்னரின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாண்டர்ன் யார்டு என்னும் சிறிய சபையைச் சேர்ந்த இளம் நெசவாளியான சைலஸ்மீது, சபைப் பணத்தைத் திருடியதாகப் பழி விழுகிறது. பணம் இருந்த இடத்தில் அவனுடைய கத்தி கிடக்கிறது. காலிப் பை அவன் அறையிலேயே அகப்படுகிறது. உயிர்த்தோழனாக இருந்தவன் செய்த சூழ்ச்சி அது. சபையோ சாட்சியை விசாரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. சீட்டு அவனையே குற்றவாளி என்கிறது. கடவுளே பொய்ச்சாட்சி சொல்லிவிட்டதாக நினைத்து மனம் உடைந்து ஊரை விட்டுப் போகிறவன், ராவெலோ என்ற கிராமத்தில் பதினைந்து ஆண்டுகள் எவரோடும் ஒட்டாமல் தறியில் உழைத்துப் பொற்காசு சேர்க்கிறான். அந்தக் காசும் களவு போகிறது. பின்னர் ஒரு புத்தாண்டுக்கு முந்தைய இரவில், திறந்து கிடந்த அவன் வீட்டு வாசல் வழியாக ஒரு பெண் குழந்தை தளர்நடையிட்டு வருகிறது. மங்கிய பார்வையில் அதன் பொன்னிறத் தலைமுடியைத் தன் காசு திரும்பி வந்ததாகவே நினைத்து அவன் கை நீட்டுகிறான். எப்பி எனப் பெயரிடப்படும் அந்தக் குழந்தைதான் அவனை மீண்டும் மனிதர்களோடு சேர்க்கிறது.

இதுவரை கைடு சொல்வது சரி. ஆனால் நாவல் இத்தோடு நிற்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வளர்ந்த எப்பியை அழைத்துக்கொண்டு சைலஸ் லாண்டர்ன் யார்டைத் தேடிப் போகிறான். களவைச் செய்தவன் யாரென்று பின்னால் தெரிந்ததா, தன் பெயர் துலங்கியதா, அந்தக் குலுக்கல் சீட்டுக்கு என்ன விளக்கம் என்று அங்கிருந்த போதகரிடம் கேட்க வேண்டும் என்பதே அவன் எண்ணம். அங்கே சபையே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை நிற்கிறது. நண்பகல் உணவுக்காகத் தொழிலாளர் கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. பழைய ஆட்களைப் பற்றி ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் ஊர் திரும்பி, அது கடைசிவரை இருட்டாகவே இருந்துவிடும் என்று அண்டைவீட்டு டாலியிடம் சொல்கிறான்.

நாவலின் முதல் பெரிய முரண் அந்தப் பொய்ப்பழிதான். அதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. அந்த முரணை ஆசிரியர் தீர்த்துவைக்க நினைத்திருந்தால் ஒரு பக்கத்தில் தீர்த்திருக்கலாம். போதகரையோ மனம் திருந்திய தோழனையோ கொண்டுவந்து நிறுத்தினால் போதும். அவ்வாறு செய்யாமல், கேள்வி கேட்கப் போகிறவனை அத்தனை தூரம் நடத்திக் கூட்டிச்சென்று, பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் நிறுத்துகிறார். இதைப் பொன்னைவிட அன்பு பெரிது என்ற வாக்கியத்துக்குள் எப்படி அடக்குவது?

வெல்ஸின் நாவலிலும் இதே தொல்லை. தன்னைக் கண்ணுக்குத் தெரியாதவனாக்கிக்கொள்ளும் ஆராய்ச்சியாளன் கிரிஃபின் கெட்டவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆராய்ச்சிக்காகத் தன் தந்தையிடமே திருடுகிறான். அது தந்தைக்குச் சொந்தமான பணமன்று என்பதால் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு சாகிறார். அதைச் சொல்லும்போதும் அவனிடம் துயரம் இல்லை. ஆனால் மறைந்துபோன பிறகு அவன் அனுபவிப்பதை ஆசிரியர் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் என்று பாருங்கள். சனவரி மாத லண்டனில் ஆடையின்றி நடுங்குகிறான். ஆடை அணிந்தால் மறைவு போய்விடும். உணவு உண்டால் அது செரிக்கும்வரை வயிற்றில் தெரியும். பனியில் நின்றால் உருவம் தெரிந்துவிடும். சேற்றுக்கால் தடத்தைத் தெருப்பிள்ளைகள் கண்டுபிடித்துத் துரத்துகிறார்கள். உலகத்தையே ஆளப்போவதாக நினைத்த ஆற்றல், ஒரு கோட்டுக்கும் ஒருவேளைச் சோற்றுக்கும் ஏங்க வைக்கிறது. இறுதியில் கூட்டம் அவனை அடித்துக் கொல்கிறது. அதோடு செய்தி நிறைவடைந்துவிட்டதாகக் கைடு சொல்கிறது. ஆனால் அதற்குப் பின்னும் ஒரு சிறிய பிற்பகுதி உண்டு. அவனுடைய ஆராய்ச்சிக் குறிப்பேடுகள் அழியவில்லை. அவற்றை மார்வெல் என்ற நாடோடி ஒளித்து வைத்துக்கொண்டு, அவற்றின் இரகசியம் தனக்குப் பிடிபட்டால் என்னவெல்லாம் செய்யலாம் என்று கனவு காண்கிறான். தீயவன் செத்தான், தீமை ஒழிந்தது என்ற முடிவை நூலின் கடைசிப் பக்கமே கலைத்துவிடுகிறது.

ஆகவே என் எண்ணம் இது: ஒரு நாவல் எந்த முரணைத் தீர்க்காமல் விட்டுச்செல்கிறதோ, அங்கேதான் அது உண்மையில் பேசுகிறது. தீர்ந்துபோன முரணிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த நீதியாகவே இருக்கிறது. இது சரியான வாசிப்பா, அல்லது இல்லாததை ஏற்றிப் பார்க்கிறேனா? பதினேழு வயது மாணவர்களிடம் இதை எப்படிக் கொண்டுசெல்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பழைய வாத்தியார் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொல்லலாம் என நினைக்கிறேன்.

உங்கள் வாசிப்பு சரியே. ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மார்னர் நாவலில் இரண்டு முரண்கள் ஒன்றன்மீது ஒன்று பின்னப்பட்டுள்ளன. சைலஸின் முரண் தீராமல் நிற்கிறது. காட்ஃப்ரியின் முரணோ முழுமையாகத் தீர்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நூலாசிரியரின் கணக்கு புரியும். நீங்கள் காட்ஃப்ரியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கைடுகளும் அவனை 'மனப்போராட்டம்' என்ற வரிக்குள் அடைத்துவிட்டுப் போய்விடும்.

அந்தக் குழந்தை காட்ஃப்ரியின் மகள். ஊர்ப் பண்ணையாரின் மூத்த மகனான அவன், அபினிக்கு அடிமையான ஓர் ஏழைப் பெண்ணை இரகசியமாக மணந்துகொண்டு, ஊரறிய நான்சியை மணக்க ஆசைப்படுகிறவன். அந்த ஏழைப் பெண் பனியில் விழுந்து இறந்த இரவில், விருந்தின் நடுவிலிருந்து, ஆடுவதற்காக அணிந்த மெல்லிய காலணியோடு பனியில் ஓடிவருகிறான். அவள் இறந்துவிட்டாளா என்று தெரிந்துகொள்வதே அவன் தவிப்பு. இறந்திருக்க வேண்டுமே என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது. குழந்தை சைலஸின் மடியில் இருக்கிறது. தந்தையின் முகத்தைப் பார்த்தும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. அவன் பையில் கைவிட்டு அரைக் கினி நாணயம் ஒன்றை எடுத்து, குழந்தையின் துணிமணிக்கு வைத்துக்கொள்ளும்படி நெசவாளியிடம் நீட்டிவிட்டு வெளியேறுகிறான்.

நான் இந்தக் காட்சிக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குவேன். முரணின் வகை என்னவென்று கேட்க மாட்டேன். அந்த நாணயத்தை நீட்டும் நொடியில் காட்ஃப்ரிக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்று மட்டும் கேட்பேன். மாணவர்கள் தாமாகவே சொல்லுவார்கள்: குழந்தை தன்னுடையது என்று தெரியும்; வாயைத் திறந்தால் நான்சியை இழக்க நேரும் என்று நினைக்கிறான்; ஆனால் அவள் உண்மையில் என்ன சொல்லுவாள் என்பது தெரியாது. அந்தத் தெரியாத ஒன்றை நூலாசிரியர் பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் திறக்கிறார். கற்குழியில் நீர் வடிந்து, காட்ஃப்ரியின் தம்பியான டன்ஸ்டனின் எலும்புக்கூடு அவன் சைலஸிடம் களவாடிய காசுப் பைகளோடு வெளிப்பட்டதும், இனி மறைத்துப் பயனில்லை என்று அஞ்சிக் காட்ஃப்ரி இப்போது தன் மனைவியாகிவிட்ட நான்சியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அவளோ, முன்னமே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையை நான் ஏற்க மறுத்திருப்பேன் என்றா நினைத்தீர்கள் என்று கேட்கிறாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் இதைவிடக் கொடிய தண்டனை எதுவும் இல்லை. எந்த அச்சத்துக்காக மகளைக் கைவிட்டானோ, அந்த அச்சத்துக்கே காரணம் இருந்திருக்கவில்லை.

அதற்குப் பின்னரே அவன் எப்பியை அழைத்துச் செல்ல வருகிறான்; செல்வமும் தகுதியும் தருவதாகச் சொல்கிறான்; அவள் மறுத்துவிடுகிறாள். ஆக, செல்வாக்கும் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் பெற்றிருந்தவனின் கணக்கை நூலாசிரியர் கடைசிக் காசுவரை தீர்க்கிறார். எந்தத் தேர்வும் கையில் இல்லாமல், பிறர் குலுக்கிய சீட்டால் தண்டிக்கப்பட்டவனின் கணக்கைத் தீர்க்காமல் விடுகிறார். நாவலின் செய்தியை ஒரு வாக்கியத்தில் எழுதியே ஆகவேண்டும் என்றால், இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலிருந்து அதை எழுதச் சொல்லுங்கள். மாணவர் தாமே எழுதும் வாக்கியம் கைடு வாக்கியத்தைவிடக் கரடுமுரடாக இருக்கும். பரவாயில்லை.

நால்வகைப் பிரிவைத் தூக்கி எறிய வேண்டாம். கதையில் நுழையத் தயங்கும் பிள்ளைக்கு அது பயன்படும். அதிலேயே பாடத்தை முடித்துவிடுவதுதான் கோளாறு.


வைகைக்கரை எழுதியது:

இருவரின் கருத்தையும் மதிக்கிறேன். ஆயினும் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது.

ஒற்றை வாக்கியச் செய்தியை இவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் இலக்கிய மரபில் செய்தியை வெளிப்படையாகச் சொல்வது குறையாகக் கருதப்படவில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமே மூன்று செய்திகளை முன்கூட்டி அறிவித்துவிடுகிறது: அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றுவனாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்துவந்து தன் பயனை ஊட்டும். தேர்வுத்தாளுக்கு இதைவிடத் தெளிவான விடைக்குறிப்பு வேண்டுமா? அப்படி முதலிலேயே அறிவித்ததால் காப்பியம் எதையும் இழந்துவிடவில்லை. வழக்குரை காதையில் சிலம்பை உடைத்து, பாண்டியனது சிலம்பின் முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறிப்பதைப் படிக்கும்போது, நமக்கு முடிவு தெரியும் என்பதால் நெஞ்சு பதறாமல் இருக்கிறதா?

இன்னொன்று. உங்கள் வகுப்பில் அமரும் மாணவர்களில், வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தை முதன்முதலாகத் தொடும் தலைமுறையைச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு விக்டோரியா காலத்து நீண்ட வாக்கியங்களைக் கடப்பதே பெரும்பாடு. பொன்னைவிட அன்பு பெரிது என்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கதைக்குள் இறங்குகிறார்கள். தீராத முரண், கலைந்த முடிவு என்றெல்லாம் பேசுவது ஏற்கெனவே பத்து நாவல் படித்தவருக்குச் சரி. முதல் நாவலைப் படிக்கிறவரிடம் செய்தியே இல்லை என்று சொன்னால், படித்த உழைப்பு வீணாகிவிட்டதாகவே எண்ணுவார்.

மேலும், பிற்பகுதியில் மார்வெல் குறிப்பேட்டை வைத்திருப்பதால் செய்தி கலைந்துவிடுகிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. மார்வெலுக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்கப்போவதில்லை. அது நகைச்சுவையாக எழுதப்பட்ட பகுதி. கொலையும் வெறியும் நிறைந்த பக்கங்களுக்குப் பிறகு வாசகரைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்க ஆசிரியர் நினைத்திருக்கலாம்.


தறிச்சத்தம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன அரைக் கினிக் காட்சியை நான் பள்ளியில் படித்தபோது கவனித்ததாகவே நினைவில்லை; கைடில் அது 'பணஉதவி செய்தான்' என்று இரண்டு சொற்களில் இருந்தது.

வைகைக்கரை ஐயாவுக்கு ஒரு மறுமொழி. செய்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலப்பதிகார எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பதிகம் சொல்லும் முதல் செய்தி பாண்டியன் தன் பிழை உணர்ந்து அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விடும் இடத்திலேயே நிறைவேறிவிடுகிறது. அவனோடு கோப்பெருந்தேவியும் மாய்கிறாள். அதன் பிறகும் மதுரை எரிகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவரிடம் மட்டும் சேருமாறு கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள். அப்படியானால் இளங்கோவடிகளுக்கே அந்த நெருப்பின் அளவு பற்றி ஒரு கவலை இருந்திருக்கிறது. அரசன் செய்த பிழைக்கு நகரம் ஏன் எரிய வேண்டும் என்ற கேள்வி, மூன்று செய்திகளில் எதற்குள்ளும் அடங்காமல் வெளியே நிற்கிறது. ஒரு காப்பியம் தன் செய்தியை அறிவித்த பிறகும் அதற்கு அப்பால் போகும் என்பதற்கு நீங்கள் தந்த எடுத்துக்காட்டே சான்றாகிறது என்று எனக்குப் படுகிறது.

முதல் தலைமுறை மாணவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்கிறேன். வீட்டில் தறி ஓடிய குடும்பத்திலிருந்து வந்தவன் நான். சைலஸ் தறியில் குனிந்து குனிந்து உடல் வளைந்துபோன பகுதிதான் என்னை அந்த நாவலுக்குள் முதலில் இழுத்தது. அன்பு, பொன் என்ற வாக்கியம் பின்னால்தான் வந்தது.


கரிசல் வாசகி எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். ஆங்கில நாவல்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. ஆனால் செய்தியையும் முரணையும் பிரித்துப் பார்க்க நம்மிடமே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' 2019இல் திரைக்கு வந்தது. படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதன் கடைசிப் பகுதி நினைவிருக்கும்: நிலத்தையும் பணத்தையும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளலாம், படிப்பைப் பறிக்க முடியாது என்ற பொருளில் தந்தை மகனிடம் பேசுவார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. பேச்சுப்போட்டிகளில் இன்றும் மேற்கோளாக வருகிறது. அது தேவையான பேச்சு என்பதிலும் எனக்கு மாற்றுக்கருத்தில்லை.

நாவலில் அந்தப் பேச்சு இல்லை. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டத்தான் நினைக்கிறான். வெட்டு வேறுவிதமாக விழுந்து ஆள் செத்துப்போகிறான். நாவலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகு தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், இரவில் எங்கே படுக்கலாம் என்பதே பக்கம் பக்கமாக வருகிறது. தந்தை மகனுக்கு நீதி போதிப்பதில்லை. பழைய கதை பேசுகிறார், சோறு பொங்குகிறார். இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையக் கிளம்புகிறார்கள். தீர்ப்பு என்ன ஆகும் என்று ஆசிரியர் சொல்வதில்லை. நிலத்தகராறும் சாதி ஆதிக்கமும் அப்படியேதான் இருக்கின்றன.

தறிச்சத்தம் தம்பி கேட்ட கேள்விக்கு இதில் விடை இருக்கிறது என நினைக்கிறேன். திரைப்படம் முரணுக்கு ஒரு செய்தியை விடையாகத் தந்து வாசலைச் சாத்துகிறது. நாவல் அந்தச் சிறுவன் செய்ததைச் சரியென்றும் சொல்லாமல் தவறென்றும் சொல்லாமல், அவன் பசியையும் அச்சத்தையும் நம் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். எந்த முடிவு பிடித்தது என்று கேட்டால் பெரும்பாலோர் படத்தையே சொல்லுவார்கள். ஏன் நாவலாசிரியர் அந்தப் பேச்சை வைக்கவில்லை என்று அடுத்து கேளுங்கள். அங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும்.

மு. வரதராசனாரின் நாவல்களையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பல தலைமுறை மாணவர்கள் அவரைப் படித்துத்தான் நாவல் பக்கம் வந்தார்கள். அவர் பாத்திரங்கள் நேரடியாகவே அறிவுரை பேசுவார்கள். ஆனால் ஒழுக்கமாக வாழும் வேலய்யனைவிட, அறிவும் அழகும் இருந்தும் சீரழிந்துபோகும் சந்திரன்தான் படித்தவர் மனத்தில் நிற்கிறான். ஆசிரியர் யார் பக்கம் நின்று எழுதினாலும், வாசகர் துயரப்படும் இடத்தை அவரால் கட்டுப்படுத்த முடிவதில்லை.


வைகைக்கரை எழுதியது:

மதுரை எரிந்ததைப் பற்றிய தம்பியின் வாதம் வலுவானது. ஆனாலும் என் நிலையில் பாதியை விட்டுத்தர மாட்டேன். தேர்வில் எட்டு மதிப்பெண் வினாவுக்கு நூற்றைம்பது சொல்லில் விடை எழுத வேண்டிய பிள்ளைக்கு, தீராத முரணைப் பற்றி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பதை யாராவது பொறுப்போடு சொல்லுங்கள். திருத்துபவரின் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் மதிப்பெண்.


பழைய வாத்தியார் எழுதியது:

திருத்தும் பணிக்குப் பல ஆண்டுகள் போனவன் என்பதால் சொல்கிறேன். விடைக்குறிப்பில் இருக்கும் கருத்து முதல் இரண்டு வரியில் வந்துவிட்டால் திருத்துபவர் நிம்மதியாகிவிடுவார். அதன் பிறகு மாணவர் கதையிலிருந்து ஒரு காட்சியைச் சரியான விவரத்தோடு எழுதி, அந்தக் கருத்தை அது எங்கே இடறுகிறது என்று காட்டினால், அதற்காக மதிப்பெண் குறைத்தவரை நான் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கான விடைத்தாள்களில் ஒரே வாக்கியத்தைப் படித்துச் சலித்தவருக்கு, அரைக் கினியைப் பற்றியோ இடம்தெரியாமல் போன சபையைப் பற்றியோ எழுதியிருக்கும் தாள் தனியாகத் தெரியும். ஆகவே மாணவர்களிடம் முதலில் குறிப்பில் உள்ளதை எழுது, பிறகு உன்னுடையதை எழுது என்று சொல்லலாம். இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை.

தம்பி, உங்கள் பயிற்சி வகுப்புக்கு ஒரு யோசனை. முழு நாவலையும் எடுத்துக்கொண்டு திணறாமல், வெல்ஸின் அந்தப் பிற்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரிரு பக்கங்கள்தான், நாற்பது நிமிட வகுப்புக்குள் வாய்விட்டுப் படித்து முடித்துப் பேசவும் நேரம் இருக்கும். மார்வெல் இப்போது ஒரு விடுதிக்காரன். விடுதிக்கே அந்த மறைந்த மனிதனின் பெயரை வைத்து, தொப்பியும் காலணியும் மட்டும் தீட்டிய வெற்றுப் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கதவைத் தாழிட்டு, திரைச்சீலையைச் சரிபார்த்து, மேசைக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்று குறிப்பேடுகளை வெளியே எடுக்கிறான். சில பக்கங்கள் அழுக்குத் தண்ணீரில் நனைந்து வெளுத்துப்போயிருக்கின்றன. வைகைக்கரை சொன்னதுபோல் அது சிரிப்பூட்டும் காட்சிதான், பிள்ளைகளும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒன்று கேளுங்கள். படித்தவரான டாக்டர் கெம்பும் அந்தக் குறிப்பேடுகளைத் துருவித் துருவித் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அதே பக்கத்தில் ஒரு வரி வருகிறது. கிரிஃபினைக் காட்டிக்கொடுத்து ஊரைக் காப்பாற்றியவர் அவர். அவருக்கு அவை எதற்கு? எழுத்துப் புரியாத மார்வெலிடம் இருப்பதா, புரிந்துகொள்ளக்கூடிய கெம்பிடம் இருப்பதா, எது ஊருக்கு நல்லது? இதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிந்த பிறகு நீங்கள் நடுவராகப் போகாமல் கரும்பலகைப் பக்கம் ஒதுங்கி நின்று, அவர்கள் சொல்லும் காரணங்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். உங்கள் மேற்பார்வையாளர் பாடக்குறிப்பில் 'செய்தி' என்ற கட்டத்தில் என்ன நிரப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டால், அந்தப் பலகையைக் காட்டுங்கள்.